இழப்பதற்காக மேற்கொண்ட பயணம்



சிறு வயதில் அம்மம்மாவின் மடியில் இருந்து நாம் கேட்ட கதைகளை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி இளவரசன் ஒருவன் செல்வான். அவன் தேடிச் செல்வது ஒரு மந்திரக் கனியாகவோ, மாணிக்கக் கல்லாகவோ இருக்கும். துன்பங்கள் அனைத்தையும் வென்று அதைக் கைப்பற்றித் திரும்புவான். உலகின் எல்லா மொழிகளிலும் வீரப் பயணக் கதைகள் பெரும்பாலும் இவ்வாறே அமைந்துள்ளன. பெறுவதற்காகவே மனிதன் புறப்படுகின்றான்.

ஆனால் இழப்பதற்காகவே புறப்பட்ட ஒருவனின் கதையும் உண்டு. தன்னிடம் உள்ள பேராற்றல் மிக்க பொருளைத் தன் கையாலேயே நெருப்பில் எறிந்துவிட வேண்டும் என்பதற்காக அவன் உயிரைப் பணயம் வைத்து நடந்தான். 'தி லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' என்னும் அந்நெடுங்கதை 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக இங்கிலாந்தில் வெளிவந்தது. 2001 முதல் 2003 வரை பீற்றர் ஜாக்சன் அதனை மூன்று திரைப்படங்களாக்கினார். மூன்றாவது படம் 11 ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. உங்கள் பிள்ளைகள் அவற்றைப் பார்த்திருக்கக்கூடும். வாள் வீச்சும் விசித்திர உயிரினங்களும் நிறைந்த பொழுதுபோக்கு என்று நீங்கள் அதனைக் கடந்து சென்றிருக்கவும் கூடும். அதன் உள்ளே இருப்பதை இன்று சற்று நின்று நோக்குவோம்.

இக்கதையை எழுதிய ஜே.ஆர்.ஆர். டோல்கீன் 1892 ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவில் பிறந்தவர். நான்கு வயதில் தந்தையை இழந்தார். அவருடைய தாய் மேபல் 1900 ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தபோது, உறவினர்கள் சினமுற்றுப் பண உதவியை நிறுத்திக்கொண்டனர். இரு ஆண் பிள்ளைகளையும் வறுமையிலும் விசுவாசத்தில் வளர்த்த அத்தாய், 1904 இல் நீரிழிவு நோயால் மரித்தார். அப்போது டோல்கீனுக்கு வயது 12. தன் தாய் விசுவாசத்திற்காகவே உயிர் கொடுத்த மறைசாட்சி என்று அவர் வாழ்நாள் முழுவதும் கருதினார். அநாதைகளான சகோதரர் இருவரையும் பேர்மிங்காம் நகரின் ஒறற்றோரியன் சபைக் குருவான அருட்தந்தை பிரான்சிஸ் மோர்கன் பொறுப்பேற்று ஆளாக்கினார். 2019 இல் புனிதராக உயர்த்தப்பட்ட கர்தினால் நியூமன் நிறுவிய இல்லமே அது.

முதலாம் உலக யுத்தத்தின்போது, 1916 இல், பிரான்ஸ் நாட்டின் சொம் போர்க்களத்தில் டோல்கீன் பணியாற்றினார். உயிருக்குயிரான பள்ளித் தோழர்கள் இருவரை அந்த ஆண்டிலேயே யுத்தம் பறித்துக்கொண்டது. பின்னர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராய் இருந்த காலத்திலேயே இந்நெடுங்கதையை எழுதினார். ஆகவே இருளைப் பற்றி எழுதியவர் இருளை அறியாதவர் அல்லர்.

கதையின் நடுவில் இருப்பது ஒரு பொன் மோதிரம். சவுரோன் என்னும் தீய அதிபதி, அனைவரையும் அடிமைப்படுத்தும் நோக்குடன் தன் ஆற்றலின் பெரும்பகுதியை ஊற்றி அதனை வார்த்தான். அம்மோதிரம் உருவான எரிமலை நெருப்பிலேயே அன்றி வேறெங்கும் அதனை அழிக்க இயலாது. அந்த மலையோ பகைவனின் நாடாகிய மோர்டோரின் உள்ளே இருந்தது. பண்டைக் காலத்தில் இசில்டூர் என்னும் அரசன் போரில் அதனைக் கைப்பற்றினான். அன்றே அழித்திருக்கலாம், ஆனால் அதன் அழகில் மயங்கித் தனக்கென வைத்துக்கொண்டான். அதுவே அவனுக்கு யமனாயிற்று. எரிகோவின் கொள்ளைப் பொருளில் ஆசைவைத்துக் கூடாரத்தினுள் புதைத்து வைத்த ஆக்கானை யோசுவா நூலின் ஏழாம் அதிகாரத்தில் நாம் சந்தித்திருக்கின்றோம் அன்றோ? ஒருவன் மறைத்து வைத்தது இஸ்ரயேல் முழுவதையும் தோல்வியுறச் செய்தது.

நெடுங்காலத்தின் பின் ஆற்றின் அடியில் இருந்து அம்மோதிரம் மீண்டும் வெளிப்பட்டது. ஸ்மேகோல் என்பவன் அதற்காகத் தன் நண்பனைக் கழுத்தை நெரித்துக் கொன்றான். பின்பு மலைக்குகை ஒன்றில் ஒளிந்து, மனித முகத்தையும் தன் பெயரையும் இழந்து, கொலம் என்று அழைக்கப்படும் அவல உயிராய் மாறினான். அந்த மோதிரத்தைத் தன் கண்மணி என்று கொஞ்சினான்; அதேவேளை அதனை வெறுக்கவும் செய்தான். தன்னை அழிக்கும் ஒன்றை விடவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் தவிக்கும் மனிதரை நாம் அறியோமா? குடியின் பிடியில் கிடக்கும் ஒரு தந்தையை, சூதாட்டத்தில் வீட்டை இழந்த ஒரு மகனைக் கண்ட எவருக்கும் கொலம் அந்நியன் அல்லன்.

இங்கே நாம் கூர்ந்து கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மோதிரம் நல்லவர்களுக்குத் தீமையைக் காட்டி ஆசையூட்டுவதில்லை. நன்மையைக் காட்டியே ஆசையூட்டுகின்றது. ஞானியான காண்டல்ஃபுக்கு அதனை ஏற்கும்படி வேண்டப்பட்டபோது அவர் அஞ்சிப் பின்வாங்கினார். எளியோர்மீது கொண்ட இரக்கத்தால், நன்மை செய்யும் எண்ணத்துடனேயே அதனைப் பயன்படுத்தத் தொடங்கி, இறுதியில் தாமும் கொடுங்கோலராவார் என்பதை அவர் அறிந்திருந்தார். எல்ஃப் மக்களின் அரசியான கலாட்ரியேலும் அவ்வாறே மறுத்தாள். பொரோமிர் என்னும் வீரனால் மாத்திரம் அவ்வாறு இருக்க இயலவில்லை. முற்றுகைக்குள்ளான தன் நகரைக் காப்பாற்றவே அவன் அதனை விரும்பினான். அந்த நல்விருப்பமே அவனைத் தோழன்மீது கைவைக்கச் செய்தது. எனினும் அவன் அழுது மனம் வருந்தினான். பலவீனர் இருவரைக் காக்கப் போரிட்டு அம்புகள் தைத்து வீழ்ந்தபோது, தன் குற்றத்தை அரகோர்னிடம் அறிக்கையிட்டான். அரகோர்ன் ஆறுதல் மொழி கூறி அவனை அனுப்பிவைத்தான். ஒப்புரவு அருட்சாதனத்தின் அருமையை உணர்ந்தவர் கையிலிருந்தே இத்தகைய காட்சி பிறக்கும்.

மோதிரத்தைச் சுமக்கும் பொறுப்பு இறுதியில் புரோடோவிடம் வந்தது. அவன் ஹொபிற் என்னும் குள்ள இனத்தவன், போர்க்கலை அறியாதவன், தோட்டமும் அடுப்பங்கரையும் போதுமென்று வாழும் ஊரில் பிறந்தவன். பெரியோர் சபையில் யார் செல்வது என்ற வினா எழுந்து அனைவரும் மௌனமாய் இருந்தபோது, வழி தெரியாத நிலையிலும் தானே செல்வதாக அவன் கூறினான். நாசரேத்தூரில் வானதூதரின் சொல் கேட்டு ஆம் என்று விடையளித்த இளம் கன்னியின் நினைவு இங்கே நமக்கு எழுவது இயல்பே.

அவனுடன் சென்றவன் சாம் என்னும் தோட்டக்காரன். வழியில் சிறிது நேரம் சாமும் அம்மோதிரத்தைச் சுமக்க நேர்ந்தது. பாலைநிலம் முழுவதையும் பூங்காவாக்கும் பேரரசனாக அவனை அது காட்டியது. தனக்கு வேண்டியது தன் கையால் கொத்திப் பயிரிடக்கூடிய ஒரு சிறு தோட்டம் மாத்திரமே என்பதை உணர்ந்த சாம், அந்தக் காட்சியை உதறிவிட்டான். பின்பு எரிமலையின் சரிவில் புரோடோ நடக்க வலுவின்றி வீழ்ந்தபோது, அவன் சுமையைத் தான் வாங்கிச் சுமக்க முடியாதென்று அறிந்து, சுமப்பவனையே தன் முதுகில் சுமந்து ஏறினான். சிரேனே ஊரானாகிய சீமோனை ஒவ்வொரு சிலுவைப்பாதையிலும் நாம் தியானிக்கின்றோம். நோயுற்ற கணவரைத் தாங்கும் மனைவியும், முதிய தாயைக் குளிப்பாட்டி உணவூட்டும் மகளும் அச்சீமோனின் வழியில் நடப்பவர்களே.

அந்த இருவருக்கும் இறுதி நாட்களில் இருந்த உணவு, எல்ஃப் மக்கள் இலையில் சுற்றிக் கொடுத்த மெல்லிய அப்பம் ஒன்றே. அது வயிற்றை நிரப்பவில்லை; ஆனால் மன உறுதியை ஊட்டியது. வேறு உணவின்றி அதை மாத்திரம் உண்டபோது அதன் ஆற்றல் பெருகியது. விசுவாசம் தளரும்போது அதற்கு மருந்து நற்கருணையே என்று 1963 இல் தன் மகன் மைக்கலுக்குக் கடிதம் எழுதிய தந்தைதான் இதனை எழுதியவர் என்பதை அறியும்போது, அந்த அப்பத்தின் பொருள் நமக்கு விளங்குகின்றது. எனினும் டோல்கீன் தன் கதையை மறைபொருள் உவமையாக வாசிப்பதை விரும்பவில்லை. 1953 இல் தன் நண்பரான இயேசு சபைக் குரு ஒருவருக்கு எழுதியபோது, தன் நூல் அடிப்படையிலேயே கத்தோலிக்கப் படைப்பு என்றும், சமயம் அதன் கதையினுள்ளே கரைந்துள்ளது என்றும் விளக்கினார். உணவில் கரைந்த உப்பைப் போன்றது அது.

இப்பொழுது கதையின் முடிவுக்கு வருவோம். எத்தனையோ துன்பங்களின் பின் புரோடோ நெருப்புக் குழியின் விளிம்பை அடைந்தான். கையை நீட்டி எறிந்துவிட்டால் போதும். ஆனால் அவன் எறியவில்லை. மோதிரம் தனக்கே உரியது என்று கூறி அதனை விரலில் அணிந்துகொண்டான்.

ஆம், வாசகர்களே, அவன் தோற்றான்.

அந்தக் கணத்தில், அவர்களைப் பின்தொடர்ந்து வந்த கொலம் அவன்மீது பாய்ந்து, விரலோடு சேர்த்து மோதிரத்தைக் கடித்தெடுத்தான். ஆனந்தக் கூத்தாடியபோது கால் தவறி மோதிரத்துடன் நெருப்பில் வீழ்ந்தான். உலகம் மீட்கப்பட்டது.

கொலம் அங்கே எப்படி வந்தான்? பல ஆண்டுகளுக்கு முன் இருண்ட குகையில் அவனைக் கொல்ல வாய்ப்பிருந்தும், புரோடோவின் உறவினரான பில்போ இரக்கத்தால் அவனை விட்டுவிட்டார். பின்பு வழியில் அவனைப் பிடித்த புரோடோவும் அவ்வாறே இரங்கினான். இறுதியாக எரிமலையின் மேலே, அவனை வெறுத்த சாமும், அம்மோதிரத்தின் பாரத்தைத் தான் சிறிது அறிந்திருந்தமையால், வெட்ட ஓங்கிய வாளைத் தாழ்த்தினான். அந்த மூன்று இரக்கங்களும் அப்பொழுது பயனற்றவையாக, மடமையாகக்கூடத் தோன்றின. ஆனால் வீரமும் அறிவும் தோற்ற இடத்தில் அவையே உலகைக் காத்தன.

நூல் வெளிவந்தபின், புரோடோவைப் போற்றுவது தவறு, துரோகியாகக் கருதித் தண்டித்திருக்க வேண்டும் என்று வாசகர் ஒருவர் கடுஞ்சினத்துடன் ஆசிரியருக்கு எழுதினார். டோல்கீன் அதனை ஏற்கவில்லை. மனித வலிமைக்கு அப்பாற்பட்ட சோதனைகள் உண்டு. தன்னால் இயன்ற அனைத்தையும், உடலின் கடைசித் துளி வலு வரையிலும் செலவழித்துவிட்ட ஒருவன் அங்கே முறிந்துபோவது ஒழுக்கக் குற்றம் ஆகாது என்பதே அவர் கருத்து. புரோடோ முன்பு காட்டிய இரக்கமே அவனுக்கும் மீட்பைப் பெற்றுத் தந்தது என்று அவர் எழுதினார். ஆண்டவர் கற்பித்த செபத்தின் இறுதி மன்றாட்டுகளையும் இதனோடு இணைத்துக் காட்டினார். மன்னிப்பதும் மன்னிக்கப்படுவதும், சோதனைக்கு உட்படாதிருக்க வேண்டுவதும் ஒரே மூச்சில் நாம் சொல்பவை அல்லவா?

நாட்காட்டி ஒன்றும் இக்கதையில் மறைந்துள்ளது. நூலின் பிற்சேர்க்கையைப் பார்ப்போர் இதனைக் காணலாம். தோழர்கள் பயணம் புறப்பட்ட நாள் டிசம்பர் 25. மோதிரம் அழிந்த நாள் மார்ச் 25. முன்னையது ஆண்டவரின் பிறப்பு விழா. பின்னையது கபிரியேல் தூதர் மரியாளுக்குத் தூதுரைத்த மங்கள வார்த்தைத் திருநாள்; ஆண்டவர் சிலுவையில் மரித்ததும் அந்நாளிலேயே என்று பண்டைய கிறிஸ்தவ மரபு ஒன்று கூறிற்று.

இன்னும் ஒன்று. வெற்றிக்குப் பின் ஊர் திரும்பிய புரோடோ முன்பிருந்தவனாக இல்லை. பட்ட காயங்கள் ஆண்டுதோறும் அந்தந்த நாளில் மீண்டும் வலித்தன. மற்றவர்கள் மகிழ்ந்து வாழத் தன் ஊரைக் காப்பாற்றியவன், தான் அங்கே மகிழ்ந்து வாழ முடியாதவனாகி, கடலுக்கு அப்பால் நலம் தேடிப் புறப்பட்டான். யுத்தத்தில் இருந்து திரும்பியவர் எழுதிய முடிவு இது. பெருந்துன்பத்தைக் கடந்து வந்த உறவினரைப் பார்த்து, எல்லாம் முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் வாடுகின்றாய் என்று கேட்கும் முன் இதனை நாம் நினைத்துக்கொள்வோம்.

அன்பான குடும்பத்தவரே, இன்று மாலை செபமாலைக்காக நீங்கள் ஒன்றுகூடும்போது உங்களையே வினவிப் பாருங்கள். நன்மைக்குப் பயன்படும் என்ற சாக்கில் நம் இல்லத்தில் நாம் ஒளித்து வைத்திருக்கும் மோதிரம் எது? சகோதரனுக்கு எதிராகப் பல ஆண்டுகளாய்ப் பேணிவரும் மனக்கசப்பா? பிள்ளையின் வாழ்வைத் தன் விருப்பப்படியே அமைக்க வேண்டும் என்னும் பிடிவாதமா? விட மறுக்கும் ஒரு தீய பழக்கமா? அது எதுவாயினும் மலையேறும் வழியில் முதலடியை இன்றே எடுத்து வைப்போம்.

உங்கள் வீட்டில் பலமுறை முயன்றும் விளிம்பிலே தோற்றுவிட்ட ஒருவர் இருக்கலாம். குடியை விட்டுவிடுவதாகச் சத்தியம் செய்து மீண்டும் வீழ்ந்தவராய் இருக்கலாம். அவரைத் துரோகி என்று தள்ளிவிடாதீர்கள். மும்முறை மறுதலித்த பேதுருவின் கையில்தான் ஆண்டவர் தம் மந்தையை ஒப்படைத்தார். நீங்கள் இன்று காட்டும் இரக்கம் எந்த மலையின் உச்சியில், எந்த நாளில், யாரைக் காக்கும் என்பதை நீங்கள் அறியீர்கள். இறைவன் அறிவார்.