அரிசிச் சாக்கில் கைப்பை: தொடங்கு முன் போட வேண்டிய கணக்கு

"டீச்சர், பழைய சாக்குகளில் கைப்பை தைத்து விற்றால் ஓடுமா?" கலஹாவில் என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார் சிலர் கேட்கும் கேள்வி இது. வீட்டில் தையல் மெஷின் இருந்தும், வருமானம் தேடி மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போக யோசிப்பவர்களும் இவர்களில் உண்டு. அதனால் இதைக் கைவேலை ஆசையாக மட்டும் பார்க்க முடியாது.

ஓடும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கிழக்கில் பொத்துவில், அறுகம்பே பகுதியில் 'ரைஸ் அண்ட் கெரி' என்ற நிறுவனம் பாவித்த அரிசிச் சாக்குகளைக் கைப்பைகளாகவும் பேர்ஸ்களாகவும் மாற்றுகிறது. தைப்பவர்கள் அவ்வூர்ப் பெண்கள். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் 1993இல் இரு சகோதரர்கள் பழைய லொறித் தார்ப்பாயில் பை செய்து தொடங்கிய 'ஃப்ரைடாக்' இன்று உலகறிந்த பெயர்.

சாக்கு மலிவாகக் கிடைப்பதால் முதல் இல்லாத தொழில் என்று எண்ணிவிடக் கூடாது. இங்கே முதல் என்பது உழைப்புத்தான். சாக்கைத் தெரிவு செய்து, கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். பொலிப்ரொப்பிலீன் இழை கடும் வெயிலில் நாள்பட நொறுங்கிப் போகும். சூடான அயர்ன் பட்டால் உருகும். வெட்டிய ஓரம் பிரியும் என்பதால் மடித்துத் தைத்து உள்துணி போட வேண்டும். கிருமிநாசினி, இரசாயனம் இருந்த சாக்குகளைத் தொடவே வேண்டாம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு பைக்குக் கழுவவும் வெட்டவும் ஒரு மணித்தியாலம், தைக்க ஒன்றரை மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 200 ரூபா என்றால் கூலி 500. சிப், உள்துணி, நூலுக்கு 150. ஆக அடக்கவிலை 650 ரூபா. கடைக்காரர் கேட்கிறார் என்று 500க்குக் கொடுத்தால் உழைப்புக்கு மிஞ்சுவது 350, அதாவது மணித்தியாலத்துக்கு 140 ரூபா. நான்கு பெண்களைச் சேர்த்துத் தொழில் செய்பவர் இப்படி விற்றால், அவர்களின் கூலியில்தான் கை வைக்க நேரும். குப்பையைக் குறைத்தோம் என்பது கூலியைக் குறைப்பதற்கு நியாயமாகாது.

அடுத்தது வாங்குபவரின் உரிமை. சாக்கு இழை நீரை உறிஞ்சாது. ஆனால் நெசவின் இடைவெளியாலும் தையல் துளைகளாலும் மழை உள்ளே வரும். "நனையவே நனையாது" என்று சொல்லி விற்பது ஏமாற்று. மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்த தானியக் குவியலில் நபி (ஸல்) அவர்கள் கையிட்டுப் பார்த்து, ஈரமானதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. பழைய பொருளில் தொழில் செய்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. பாவித்த சாக்கு, இங்கே ஒரு கறை, இவ்வளவு பாரம்தான் தாங்கும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அப்படி வாங்கியவர் மறுமுறையும் நம்பி வருவார்.

இதற்காக வட்டிக் கடன் எடுக்கத் தேவையில்லை. இருக்கும் மெஷினில் பத்துப் பைகள் தைத்து, ஒவ்வொன்றுக்கும் சென்ற நேரத்தைக் கொப்பியில் எழுதுங்கள். தெரிந்தவர்களுக்கு அடக்கவிலைக்குக் குறையாமல் விற்றுப் பாருங்கள். பத்தும் போனால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியலாம். போகாவிட்டால் கடனில்லாமல் நிறுத்திக்கொள்ளலாம். நேர்மையான உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.