மேப்பிள் சாறு இறக்க எந்த வாளி நல்லது?

இங்கே ஒன்டாரியோவில் பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை மேப்பிள் மரத்தில் சாறு இறங்கும் காலம். ராத்திரி தண்ணீர் உறைகிற குளிரும், பகலில் நாலைந்து டிகிரி வெயிலும் மாறி மாறி வந்தால் போதும். மரத்தில் ஒரு சின்னத் துளை போட்டால் சொட்டுச் சொட்டாகச் சாறு வடியும். தோட்டத்தோடு வீடு வாங்கியிருக்கிற நம் தமிழ்க் குடும்பங்கள் சிலருக்கும் இந்த ஆசை வந்திருக்கிறது. குழந்தைகளுக்கோ ஒரே கொண்டாட்டம்! ஆனால், சாமான் வாங்குவதற்கு முன்னால் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில உண்டு.

முதலில் மரத்தைப் பாருங்கள். துணி தைக்க வைத்திருக்கும் டேப்பால், நெஞ்சு உயரத்தில் மரத்தைச் சுற்றி அளந்தால் 32 அங்குலமாவது இருக்கணும். அதற்குக் குறைந்த மரம் வளருகிற பிள்ளை மாதிரி, விட்டுவிடுங்கள். வீட்டு உபயோகத்துக்கு ஒரு மரத்துக்கு ஒரு துளை போதும். சர்க்கரை மேப்பிள் என்ற ஜாதியில்தான் இனிப்பு அதிகம்.

அடுத்தது, மரத்தில் செருகும் குழாய். கடையில் இரண்டு அளவு கிடைக்கும். ஒன்று 7/16 அங்குலம், இன்னொன்று 5/16 அங்குலம். நான் சின்னதைத்தான் சொல்வேன். சாறு அப்படியொன்றும் குறைந்துவிடாது. மரத்தின் காயமும் சீக்கிரம் ஆறும். டிரில் முனையும் அதே அளவில் இருக்கணும். துளை ஒன்றரை அங்குல ஆழம் போதும். சாறு வெளியே வழிந்து வர, உள்பக்கம் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருக்கணும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் வாளி.

பழைய சாமான் விற்கும் இடங்களில் அழகழகான தகர வாளிகள் மலிவாகக் கிடைக்கும். எங்க வீட்டுக்காரரும் ஒரு தடவை நாலு வாளியைச் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வந்தார். "இவ்வளவு கெட்டி இப்ப எங்கே கிடைக்கும்?" என்று பெருமை வேறு! திருப்பிப் பார்த்தேன். அடியிலும் பக்கத்திலும் சாம்பல் நிறத்தில் பற்றவைத்த தடம். "இது பூச்செடி வைக்கத்தான் லாயக்கு" என்று சொல்லிவிட்டேன்.

காரணம் இதுதான். அந்தக் காலத்து வாளிகளில் பலவற்றை ஈயம் கலந்த பற்று வைத்து ஒட்டியிருப்பார்கள். சிலவற்றின் பூச்சிலேயே ஈயம் இருக்கும். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு ஞாபகம் வந்து குழம்பாதீர்கள். அது வெள்ளீயம். நான் சொல்வது காரீயம், அது விஷம். சாறு அதில் நின்றால் ஈயம் கொஞ்சங் கொஞ்சமாகக் கரையும். சாறு புளிக்கத் தொடங்கினால் இன்னும் அதிகமாகக் கரையும்.

இதோடு போகவில்லை. சுமார் 40 லிட்டர் சாற்றைச் சுண்டக் காய்ச்சினால்தான் 1 லிட்டர் பாகு கிடைக்கும். ஆவியாய்ப் போவது தண்ணீர் மட்டும். ஈயம் போகாது. 40 லிட்டரில் இறங்கியது அத்தனையும் அந்த ஒரு லிட்டரில் வந்து சேரும். அதைத்தான் குழந்தையின் தோசை மேல் ஊற்றப் போகிறோம்! சின்னக் குழந்தைகளின் உடம்பு, பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு ஈயத்தை உறிஞ்சிக்கொள்ளும். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. கர்ப்பிணிகளும் கவனமாக இருக்கணும்.

அப்படியானால் எது வாங்கலாம்? பற்றில்லாத எவர்சில்வர் வாளி நல்லது. பல வருஷம் உழைக்கும். செலவு குறைய வேண்டுமானால், உணவுக்கென்றே செய்த பிளாஸ்டிக் வாளி போதும். கோப்பையும் முள்கரண்டியும் போட்ட அடையாளம் இருக்கிறதா என்று அடியில் பாருங்கள். பெயின்ட் வந்த வாளி, சோப்புத்தூள் வந்த வாளி வேண்டவே வேண்டாம். எத்தனை தேய்த்தாலும் அது உணவுப் பாத்திரம் ஆகாது. ஒரு துளையிலிருந்து நல்ல நாளில் 4 லிட்டருக்கு மேலும் வடியும். அதனால் 8 லிட்டராவது பிடிக்கும் வாளியாக வாங்குங்கள்.

மூடி கட்டாயம். இல்லாவிட்டால் மழைத்தண்ணீரும் பூச்சியும் உள்ளே விழும். காற்றுக்கு வாளி ஆடுகிற இடமென்றால், குழாயில் ஒரு பிளாஸ்டிக் டியூபை மாட்டி, தரையில் வைத்த மூடிபோட்ட வாளிக்குள் விடலாம். அந்த டியூபும் உணவுத் தரமாக இருக்கணும்.

நம் ஊரில் பதநீர் புளிக்காமலிருக்க, கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். மேப்பிள் சாற்றுக்குக் குளிர்தான் காவல். பாலைப்போல நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் எடுத்து, வடிகட்டி, ஃபிரிட்ஜிலோ பனிக்குள் புதைத்தோ வைத்து, மூன்று நாளுக்குள் காய்ச்சிவிடணும். கலங்கிப்போன சாற்றைக் கொட்டிவிடுங்கள்.

காய்ச்சவும் அகலமான எவர்சில்வர் பாத்திரம்தான் வேண்டும். அதிலும் பழைய தகரம் கூடாது. அடுப்பு வெளியில் இருக்கட்டும். வீட்டுக்குள் காய்ச்சினால் ஆவி அடித்துச் சுவரெல்லாம் ஊறிவிடும். தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4 டிகிரி கூடினால், அதாவது 104 டிகிரி செல்சியஸ் வந்தால், பாகு பதம். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

மொட்டு விட ஆரம்பித்ததும் சாற்றின் ருசி கெட்டுவிடும். அப்போது குழாயைக் கழற்றிவிடுங்கள்; துளையை அடைக்க வேண்டாம், மரமே மூடிக்கொள்ளும். வாளி, மூடி, டியூப் எல்லாவற்றையும் வாசனை சோப்புப் போடாமல் சுடுதண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து எடுத்து வையுங்கள். அடுத்த வருஷத்துக்கு ஆகும்.