வேனிலில் காய்கறித் தோட்டம்

பொதிய மலையிற் பிறந்து, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களை வளப்படுத்தும் தாமிரபரணிக்குப் பொருநை என்பது பழம்பெயர். அதன் குறுக்கே அமைந்த எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்களே வயல்களுக்கு நீரூட்டுவன. பிசானப் பயிர் அறுவடையானபின், பங்குனியில் கால்வாய் நீர் நிறுத்தப்படும். கார்ப் பயிருக்கு மதகு திறப்பது வழக்கமாக ஜூன் முதல் நாள். இடைப்பட்ட இரண்டு திங்களும் கிணற்று நீரே துணை.

மாணவர் உண்ணும் காயைப் பள்ளி நிலத்திலேயே விளைவிக்கலாம் என்பது நற்கருத்து. நடுவணரசும் 2019-இல் இதற்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. ஆனால், தோட்டம் மிகுதியாக நீர் வேண்டும் மே மாதத்திலேதான் பள்ளிக்கு விடுமுறை! அருகில் வாழும் மாணவரும் பெற்றோரும் முறைவைத்து நீர் விட்டாலன்றிச் செடிகள் பிழையா.

வெண்டையும் சீனியவரையும் வெயிலைத் தாங்குவன. தக்காளியோ கடும் வெப்பத்திற் காய் பிடியாமற் பூவை உதிர்த்துவிடும். புடல், பாகல், தடியங்காய் ஆகிய கொடிகளில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு; வெப்பம் மிகும்போது ஆண்பூக்களே மிகும். பூத்தும் காய்க்கவில்லையே என்று கொடியைப் பிடுங்குதல் அறியாமையாம்.

நண்பகலில் விடும் நீரில் பெரும்பகுதி வீணே ஆவியாகும். காலையிலோ மாலையிலோ விட்டு, வேரடியிற் சருகு பரப்பினால் ஈரம் நிற்கும்.

வேனிலில் வெண்டைக்குப் பெரும்பகை மஞ்சள் நரம்பு நோய். இலை நரம்புகள் மஞ்சள் வலைபோலத் தோன்றும். பின்னர்க் காயும் வெளிறும். இந்நோயின் நச்சுயிரியைச் செடிக்குச் செடி பரப்புவது வெள்ளை ஈ. வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடித்து, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் ஈ குறையும். ஆயினும் நோயுற்ற செடி மீளாது. அதனை வேரோடு பறித்து அழித்தல் வேண்டும். பொதுத் தோட்டத்தில் வழக்கு எழுவது இங்கேதான். ‘இன்னும் நான்கு காய் காய்க்குமே’ என்று தன் பாத்திச் செடியைப் பறிக்க ஒருவன் மறுப்பான். அந்நான்கு காய்க்காகப் பத்துப் பாத்திகள் நோயுறும். ஆதலின், நோய் கண்ட செடி எவர் பாத்தியில் நின்றாலும் அன்றே பறிக்கும் உரிமை தோட்டத்தார் அனைவர்க்கும் உண்டென விதைக்கும் நாளிலேயே பேசி முடித்தல் நன்று.

விதைத்த 45 நாளளவில் வெண்டை காய்க்கத் தொடங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தல் வேண்டும்; முற்றவிட்டால் காய் நாராவதோடு, செடியும் புதுக்காய் விடுதலைக் குறைக்கும். விதைக்கென நோயற்ற செடிகள் இரண்டிற்கு மட்டும் கயிறு கட்டி அடையாளமிட்டு, அவற்றின் காய்களைப் பறியாது விடுவர். கார்மதகு திறக்கும் நாளில் அவை செடியிலேயே நெற்றாகிக் காய்ந்திருக்கும்.