மூளைக்கு ஒளி வைத்தியம்: பிள்ளைகளுக்கு இப்போதே செய்யலாமா?

தலையில் ஒரு தொப்பி போல மாட்டி வெளிச்சம் காட்டினால் பிள்ளையின் துறுதுறுப்பு அடங்கிப் படிப்பில் கவனம் வருமாமே, உண்மையா என்று நம் சங்க அன்பர்கள் சிலர் அண்மையில் என்னைக் கேட்டார்கள். நான் டாக்டர் அல்ல. ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். விளக்கும் மின்சாரமும் சோதனை ஓட்டமும்தான் எனக்குப் பழக்கம். இந்த விஷயத்தில் அந்தப் பழக்கமே கொஞ்சம் உதவுகிறது என்பதால் படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கவனம் நிலைக்காமை, அடங்காத துறுதுறுப்பு, யோசிக்காமல் சட்டென்று செயல்படுதல் ஆகியவை சேர்ந்த நிலையை டாக்டர்கள் ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். உலக அளவில் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு இது இருக்கிறது. வால்தனம் எல்லாம் இதில் சேராது. 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை நம்மைப் போல ஊர் மாறி வந்தவர்களுக்கு முக்கியம். வீட்டில் தமிழ், வகுப்பில் இந்தி என்று திண்டாடும் பிள்ளை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குக் காரணம் மொழியாக இருக்கலாம். காதும் கண்ணும்கூடக் காரணமாகலாம். முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும்.

மருந்து வந்த கதை விசித்திரமானது. 1937ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற டாக்டர், பரிசோதனையால் வந்த தலைவலிக்காகப் பிள்ளைகளுக்கு பென்செட்ரின் கொடுத்தார். தலைவலி பெரிதாகத் தீரவில்லை; சிலர் பாடத்தில் கெட்டிக்காரர்கள் ஆனார்கள்! பிறகு 30 பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பள்ளி வேலையில் நல்ல முன்னேற்றம். இன்று பரவலாகத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் அதே வகையைச் சேர்ந்தது. 1999ல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வில் 579 பிள்ளைகளை 14 மாதம் கவனித்தார்கள். ஒழுங்காக அளவு பார்த்துக் கொடுத்த மருந்து முக்கியக் குறிகளை நன்றாகக் குறைத்தது. ஆனால் பசி மந்தம், தூக்கக் குறைவு போன்ற தொல்லைகள் உண்டு. சின்னப் பிள்ளைக்குத் தினமும் மாத்திரையா என்று தாயார் மனம் கலங்குவது இயல்புதானே. ஒளித் தொப்பிக்கு மவுசு வருவது இங்கேதான்.

இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. டி.வி. ரிமோட்டில் இருப்பதும் இதே இனம்தான். செல்போன் காமிரா முன் ரிமோட்டைப் பிடித்து அழுத்தினால் பல போன்களில் ஒரு புள்ளி மின்னும். 1967ல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற டாக்டர், லேசர் ஒளியால் புற்றுநோய் வருமா என்று பார்க்க எலிகளின் முடியை மழித்து ஒளி பாய்ச்சினார். புற்றுநோய் வரவில்லை, முடிதான் சீக்கிரம் வளர்ந்தது. நம் உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் மைட்டோகாண்ட்ரியா என்ற சக்தி நிலையங்கள் உள்ளன. அவற்றில் இருக்கும் சைட்டோக்ரோம் சி ஆக்சிடேஸ் என்ற பொருள் இந்த ஒளியை வாங்கிக்கொண்டு சக்தி உற்பத்தியைக் கூட்டுகிறது என்பது இன்று பலரும் சொல்லும் விளக்கம். நெற்றிக்குப் பின்னால் கவனத்தை ஆளும் மூளைப் பகுதி இருப்பதால், அங்கே ஒளி செலுத்தினால் கவனம் கூடுமா என்று சோதிக்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் முடி, தோல், மண்டை ஓடு எல்லாம் தாண்டி மூளைக்குப் போய்ச் சேருவது நூற்றில் சில பங்குதான். பிள்ளைகளின் மண்டை ஓடு மெலிது. பெரியவர்களுக்கான அளவை அப்படியே வைக்க முடியாது. மேலும், ஒளியைக் கூட்டிக்கொண்டே போனால் பலன் கூடுவதில்லை. ஓர் அளவுக்கு மேல் குறையவும் செய்கிறது.

ரயில்வேயில் புதிய பெட்டி வந்தால், லக்னோவில் உள்ள ஆர்.டி.எஸ்.ஓ. பயணிகளின் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டி, ஆட்டத்தைக் கருவி வைத்து அளக்கும். இங்கே அப்படிக் கருவி இல்லை. பிள்ளைக்குக் கவனம் கூடியதா என்று சொல்பவர்கள் அம்மாவும் டீச்சரும். காசும் நம்பிக்கையும் போட்டவர்கள் கண்ணுக்கு முன்னேற்றம் தெரியத்தான் செய்யும்; அதில் பொய் ஒன்றுமில்லை, மனித சுபாவம். எனவே பாதிப் பிள்ளைகளுக்கு உண்மை ஒளி, மீதிப் பேருக்கு அதே தொப்பி, ஒளி மட்டும் கிடையாது. யாருக்கு எது என்று பெற்றோருக்கோ மதிப்பெண் போடுகிறவருக்கோ தெரியக் கூடாது. ஒளியே கண்ணுக்குத் தெரியாது என்பதால் இந்த ஏற்பாடு சுலபம். சூடு காட்டிக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அதுவும் பெரிய எண்ணிக்கையில் வேண்டும். பக்கவாதத்துக்கு இதே ஒளியைச் சோதித்த கதையைப் பாருங்கள். 2007ல் வந்த முதல் சோதனையில் 120 நோயாளிகள். ஒளி பெற்றவர்களில் நூற்றுக்கு 70 பேரும், பெறாதவர்களில் 51 பேரும் தேறினார்கள். எல்லோருக்கும் உற்சாகம். 2009ல் வந்த இரண்டாவதில் 660 பேர். நன்றாகத் தேறியவர்கள் 36க்கு 31 என்று வித்தியாசம் சுருங்கியது. அது தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான். மூன்றாவது சோதனையில் 566 பேரின் கணக்கைப் பார்த்ததும், மேலே தொடர்ந்து பயனில்லை என்று பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். முதல் சோதனையோடு நின்றிருந்தால் இன்று எல்லா ஆஸ்பத்திரியிலும் அந்த லேசர் இருந்திருக்கும்.

ஆகவே, தொப்பியை இப்போது விலை கொடுத்து வாங்கித் தலையில் மாட்டுவது என் அபிப்பிராயத்தில் வேண்டாம். பணம் போவது ஒருபுறம். பலன் தரும் வைத்தியம் ஓர் ஆண்டு தள்ளிப்போனால் பிள்ளைக்கு ஒரு வகுப்பே வீணாகும். முறையான ஆராய்ச்சியில் சேர்க்க யாராவது அழைத்தால் அது வேறு. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா, கண்ணுக்குப் பாதுகாப்பு உண்டா, கொடுத்துவரும் மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா, பணம் கேட்கிறார்களா என்று விசாரியுங்கள். பணம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

டில்லியில் எய்ம்ஸ், பெங்களூரில் நிம்ஹான்ஸ் ஆகிய இடங்களில் குழந்தை மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம். போகும்போது வகுப்பு டீச்சரிடம் ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு மூன்று நோட்டுப் புத்தகங்களையும் எடுத்துச் செல்லுங்கள்.