தாய் இருந்தும் அனாதைகள்!

நேபாள மலையில் பெற்றோரைத் தேடிய அமெரிக்க வாலிபர்

அமெரிக்க வாலிபர் ஒருவர் உலகம் சுற்றப் புறப்பட்டார். பெயர் கானர் கிரென்னன். வயது 29.

2004-ம் ஆண்டு அவர் முதலில் போன நாடு, நேபாளம். காட்மாண்டு அருகே கோதாவரி என்ற ஊரில் ஓர் அனாதை விடுதி. அங்கே சம்பளம் வாங்காமல் தொண்டு செய்தார். பிள்ளைகளோடு விளையாடினார், படிக்க உதவினார்.

வந்தாள் தாய்!

ஒரு நாள், ஒரு பெண் அங்கு வந்தாள். விடுதியில் இருந்த இரண்டு சிறுவர்கள் அவள் பெற்ற பிள்ளைகள்!

அப்படியானால் மற்றவர்கள்?

அவர்களும் அனாதைகள் அல்ல. அப்போது நேபாளத்தில் உள்நாட்டுப் போர். ஹும்லா மலைப் பகுதியில், சிறு பிள்ளைகளையும் மாவோயிஸ்டுகள் படையில் சேர்த்தார்கள். பெற்றோர் பயந்தார்கள். பிள்ளைகளைப் பத்திரமாகப் படிக்க வைப்பதாக ஒரு தரகன் சொன்னான். இருந்ததை விற்றுப் பணம் கொடுத்தார்கள். அவன் பிள்ளைகளைக் கைவிட்டுவிட்டான்.

மலை ஏறினார்

2006-ல் போர் நின்றது. குழந்தைகளின் படங்களோடு கிரென்னன் ஹும்லாவுக்குப் போனார். சாலை கிடையாது. நடந்தே ஊர் ஊராகத் தேடினார். பெற்றோர்களைக் கண்டுபிடித்தார்! பிள்ளைகளை வீடு சேர்க்க ஓர் அமைப்பும் தொடங்கினார்.

வெளிநாட்டார் தரும் பணத்துக்காகவே குழந்தைகளைச் சேர்க்கும் விடுதிகள் உண்டு. "குழந்தைகள் காட்சிப் பொருள் அல்ல" என்று கம்போடியாவில் 2011-ல் பிரசாரமே நடந்தது.

தொண்டு நல்லதுதான். ஆனால் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு:

"இந்தக் குழந்தையைப் பெற்றவள் எங்கே?"