இரு முறைமைகள் உள்ள கணினியின் நித்திரை

மனிதனின் நித்திரையைப் பற்றி வைத்தியர்கள் எவ்வளவோ எழுதியிருக்கின்றனர். கணினியின் நித்திரையைப் பற்றி நாம் எழுத முற்படுவதைக் கண்டு வாசகர் சிலர் புன்னகை செய்தல் கூடும். ஆயினும், மடிக்கணினி உள்ள வீடுகளில் எழும் முறைப்பாடுகளைக் கேட்டவர்கள் இது வேடிக்கையான விஷயமன்று என்பதை அறிவர். இரவில் மூடிவைத்த கணினியின் பற்றரி காலையில் வற்றிப்போயிருக்கின்றது. பையினுள் வைத்துக் கொண்டுபோன கணினி சூடேறிக் கிடக்கின்றது. மூடியைத் திறந்தால் திரை இருண்டே நிற்கின்றது. நேற்று எழுதிய கட்டுரையைத் திருத்தப் போனால், வாசிக்கலாம், எழுத இயலாது என்று கணினி மறுத்துவிடுகின்றது.

ஒரே கணினியில் இரண்டு பணிசெயல் முறைமைகளை நிறுவியிருப்போர் இத்தொல்லைகளுக்கு அதிகமாக ஆளாகின்றனர். பாடசாலை வேலைக்கும் அலுவலகக் கடிதங்களுக்கும் விண்டோஸ், நிரலாக்கம் பயிலும் பிள்ளைக்கு லினக்ஸ் என்று ஒரு கருவியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் குடும்பங்கள் உள. 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிவைத்த லினக்ஸ் விலையின்றிக் கிடைப்பது. பழைய கணினிகளிலும் ஓடவல்லது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிவடைந்தபின், பழைய கணினியைக் கழித்துவிட மனமில்லாதோருக்கு லினக்ஸையும் அதன் பக்கத்தில் நிறுவிப் பார்க்கும் எண்ணம் தோன்றுதல் இயல்பே. இத்தகையோர் முதலில் அறியவேண்டுவது, கணினியின் நித்திரை ஒரே வகைப்பட்டதன்று என்பதாம்.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசொப்ட், தொஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து, கணினியின் மின்வலுவைப் பணிசெயல் முறைமையே ஆளுவதற்கான விதிகளை ஏ.சீ.பீ.ஐ. என்னும் பெயரில் வெளியிட்டன. அவ்விதிகளில் நித்திரை நிலைகளுக்கு எண்கள் இடப்பட்டுள்ளன. எஸ்3 என்பது ஆழ்ந்த நித்திரை. அந்நிலையில் நினைவகத்துக்கு மாத்திரம் சிறிது மின்சாரம் செல்ல, ஏனைய உறுப்புகள் பெரும்பாலும் அணைந்துவிடும். பற்றரி முற்றாகத் தீர்ந்தால் நினைவகத்தில் இருந்தவை அழிந்துபோம். எஸ்4 என்பது ஹைபர்னேட் எனப்படுவது. நினைவகத்தில் உள்ளவை யாவும் வன்தட்டில் எழுதப்பட்ட பின்னர் கணினி முற்றாக அணைகின்றது. பற்றரி தீர்ந்தாலும் நட்டமில்லை. இவ்விரண்டுக்கும் புறம்பாக, 2015ஆம் ஆண்டில் விண்டோஸ் 10 உடன் வந்த மொடேர்ன் ஸ்டான்ட்பை என்னும் புதிய நிலையும் உண்டு. இதில் திரை அணையும். ஆனால் கணினி மெய்யாக உறங்குவதில்லை. வைபை இணைப்பையும் வைத்துக்கொண்டு, கைத்தொலைபேசியைப் போல அவ்வப்போது கண்விழித்து வேலை செய்துகொள்ளும். நம் வழக்கில் இதனைக் கோழித்தூக்கம் எனலாம்.

தொல்லை நேர்ந்தவிடத்து அதன் காரணத்தைத் தேடுவது எங்ஙனம்? இரு முறைமைகள் இருப்பது இங்கே ஓர் அனுகூலமாகின்றது. விண்டோஸில் ஒருமுறையும் லினக்ஸில் ஒருமுறையும் கணினியை உறங்கவிட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒரே கோளாறு தோன்றுமாயின், குற்றம் பெரும்பாலும் கருவியிலோ பயோஸ் எனப்படும் அடிப்படை மென்பொருளிலோ உள்ளது. ஒன்றில் மாத்திரம் தோன்றுமாயின், அம்முறைமையின் அமைப்புகளையும் இயக்கிகளையும் சோதித்தல் வேண்டும். இதனைச் செய்யாமல் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றிப் பார்ப்பவர்கள், நோய் எது என்றறியாமல் பல மருந்துகளைக் கலந்து குடிப்பவரை ஒப்பர்.

பற்றரி வற்றுவதற்கும் சூடேறுவதற்கும் வருவோம். உங்கள் கணினி எந்த நித்திரையை அறியும் என்பதை அதனிடமே கேட்கலாம். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் பவர்சிஎப்ஜி என்ற கட்டளையை, ஒரு சாய்கோட்டுடனும் ஏ என்னும் ஆங்கில எழுத்துடனும் சேர்த்து இட்டால், கிடைக்கக்கூடிய நிலைகளின் பட்டியல் தோன்றும். லினக்ஸில் சிஸ் என்னும் கோப்புறையினுள் பவர் என்ற பகுதியில் மெம்_ஸ்லீப் என்னும் கோப்பைத் திறந்தால் போதும். டீப் என்ற சொல் அங்கே காணப்படுமாயின் ஆழ்ந்த நித்திரை உண்டு. சதுர அடைப்புக்குள் நிற்கும் சொல்லே இப்போது வழங்கும் நிலை. டீப் என்பது இல்லையாயின், கணினி கோழித்தூக்கம் ஒன்றையே அறிந்தது என்று கொள்க.

இவ்வேறுபாட்டினால் நேர்ந்த இடருக்கு ஓர் உதாரணம் உண்டு. 2018இல் லெனோவோ நிறுவனம் வெளியிட்ட திங்க்பாட் எக்ஸ்1 கார்பன் ஆறாந் தலைமுறைக் கணினி, தொடக்கத்தில் எஸ்3 நிலையை அளிக்கவில்லை. லினக்ஸ் பாவிப்போர் பற்றரி விரைவில் தீர்கின்றது என்று முறையிட்டனர். பின்னர் வெளிவந்த பயோஸ் மேம்படுத்தலில், நித்திரை நிலையை விண்டோஸ் 10, லினக்ஸ் என்னும் இரண்டில் ஒன்றாகத் தெரிவு செய்யும் வசதி சேர்க்கப்பட்டது. இத்தகைய வசதி தம் கணினியிலும் உண்டெனக் கண்டவர் உடனே அதனை மாற்றிவிடுதல் கூடாது. ஒருவகை நித்திரைக்கென நிறுவப்பட்ட விண்டோஸை மற்றவகைக்கு மாற்றுவதாயின், அதனை மீண்டும் முழுமையாக நிறுவுதல் வேண்டும் என்பதே மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் அறிவுரை. லினக்ஸுக்கு நன்மை செய்யப்போய் விண்டோஸுக்குத் தீமை செய்தவராவோம். மேலும், விண்டோஸின் வன்தட்டு மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருப்பின், பயோஸ் அமைப்பை மாற்றியபின் மீட்புச் சாவியைக் கணினி கேட்டல் கூடும். அதனைக் கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளாமல் பயோஸைத் தொடவேண்டாம். எளிய பரிகாரம், நெடுநேரப் பிரயாணத்துக்கு முன் ஹைபர்னேட் செய்வது, அல்லது முற்றாக அணைப்பது.

திரை இருண்டு நிற்பதற்குப் பெரும்பாலும் காரணமாவது வரைகலை அட்டையின் இயக்கி. அட்டைக்குத் தனி நினைவகம் உண்டு. உறங்குமுன் அதில் உள்ளவற்றைச் சேமித்து, விழித்தபின் மீட்க இயக்கி தவறினால் திரை ஒளிராது. லினக்ஸில் என்விடியா அட்டை உள்ளவர்கள் இதனை அதிகம் சந்திப்பர். இயக்கியையும் லினக்ஸின் கேர்னலையும் பயோஸையும் ஒவ்வொன்றாக மேம்படுத்தி, ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்த்தலே முறை. தானாகவே விழிக்கும் கணினிக்கு வேறு காரணம் தேட வேண்டும். பவர்சிஎப்ஜி கட்டளையுடன் சாய்கோடும் லாஸ்ட்வேக் என்னும் சொல்லும் சேர்த்தால், கடைசியாகத் துயிலெழுப்பியது யாதென்று விண்டோஸ் சொல்லும். கம்பியில்லாச் சுட்டிக்கென யூ.எஸ்.பி. துளையில் செருகியுள்ள சிறு துண்டுகூடச் சில வேளைகளில் குற்றவாளியாகும்.

இதுவரை கூறியவை தொந்தரவுகளே. கோப்புகள் பறிபோக மாட்டா. இனிக் கூறப்போவது அபாயமானது. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் பாஸ்ட் ஸ்டார்ட்டப் என்னும் ஏற்பாடு வழக்கிலுள்ளது. இது செயற்படும் கணினியில் ஷட் டவுன் என்று அழுத்தும்போது, பாவிப்பவரின் வேலைகள் மூடப்படுகின்றன. விண்டோஸின் உட்பகுதியோ ஹைபர்னேட் நிலையிலேயே வன்தட்டில் எழுதி வைக்கப்படுகின்றது. அடுத்த முறை விரைவில் தொடங்கவே இந்த உபாயம். அணைத்தோம் என்று நாம் எண்ண, விண்டோஸ் பாதி நித்திரையிலேயே இருக்கின்றது. அதன் நினைவில் வன்தட்டின் பழைய கணக்கும் இருக்கின்றது.

ஒரு கடையில் இரு கணக்கப்பிள்ளைகள் ஒரே பேரேட்டை எழுதுவதாகக் கொள்வோம். ஒருவர் இருப்புக் கணக்கை மனத்திற் கொண்டு உறங்குகின்றார். அவ்வேளை மற்றவர் வந்து பக்கங்களைத் திருத்துகின்றார். முன்னவர் விழித்தெழுந்து, தம் நினைவில் உள்ளதே சரியென்று அதற்கேற்ப எழுதினால் பேரேடு என்னவாகும்? விண்டோஸ் உறங்க, லினக்ஸ் அதன் கோப்புப் பகுதியில் எழுதினால் நேர்வதும் அதுவே. கோப்புகள் பழுதடையும்; மாணவரின் ஆய்வுக் கட்டுரையும் குடும்பத்தின் புகைப்படங்களும் மறைந்துபோதல் கூடும். இதனாலேயே லினக்ஸ் அப்பகுதியை வாசிப்பதற்கு மாத்திரம் திறந்து, எழுத மறுக்கின்றது. அம்மறுப்பு ஓர் எச்சரிக்கை. பலவந்தமாக எழுத வைக்கும் கட்டளைகளை எங்கிருந்தேனும் எடுத்து இடுவது ஆபத்து. ஹைபர்னேட் கோப்பை அழித்துவிடும் கட்டளைகளும் உள. அவ்வாறு அழித்தால் விண்டோஸில் திறந்தபடி விட்ட, சேமிக்காத வேலைகள் இழக்கப்படும்.

பரிகாரம் எளிது. விண்டோஸின் கொன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸ் என்னும் பகுதிக்குச் சென்று, மின்பொத்தான் என்ன செய்யவேண்டும் எனத் தெரிவு செய்யும் பக்கத்தைத் திறக்கவும். இப்போது மாற்ற இயலாதனவாகக் காட்டப்படும் அமைப்புகளை மாற்றுவதற்கான வரியை அழுத்தி, பாஸ்ட் ஸ்டார்ட்டப் என்பதன் அருகிலுள்ள குறியை நீக்கிச் சேமிக்கவும். பெரிய மேம்படுத்தல் ஒவ்வொன்றின் பின்னும் அது நீங்கியே இருக்கின்றதா என்று பார்ப்பது நன்று. இது செய்ய இயலாதவிடத்து, லினக்ஸுக்குப் போகுமுன் ஷட் டவுனுக்குப் பதிலாக றீஸ்டார்ட் செய்க. றீஸ்டார்ட் செய்யும்போது விண்டோஸ் முழுமையாகவே மூடப்படுகின்றது.

லினக்ஸை ஹைபர்னேட் செய்வோரும் இவ்விதிக்கு உட்பட்டவரே. அதற்கு ஸ்வப் எனப்படும் இடம் வன்தட்டில் போதிய அளவு இருத்தல் வேண்டும். நினைவகத்தின் அளவுக்குக் குறையாதிருப்பது பாதுகாப்பு. செக்கியுவர் பூட் என்னும் காவல் இயங்கும் கணினிகளில், உபுண்டு போன்ற பல லினக்ஸ் வகைகள் ஹைபர்னேட்டை அனுமதிப்பதில்லை. அத்தகைய கணினியில் அவ்வசதி தோன்றாதது கண்டு கோளாறு என்று மயங்க வேண்டியதில்லை.

ஆகவே, இரு முறைமைகள் உள்ள வீட்டில் யாவரும் கைக்கொள்ளவேண்டிய விதி ஒன்றே: உறங்கிய முறைமை எதுவோ, அதுவே விழிக்க வேண்டும். மற்றதற்கு இடங்கொடுப்பதாயின் முன்னையது முற்றாக மூடப்படல் வேண்டும். அண்ணன் விண்டோஸில் வேலை செய்து எழுந்தபின் தங்கை லினக்ஸில் அமர்வதாயின், இவ்விதியை இருவரும் அறிந்திருத்தல் அவசியம். முக்கியமான கோப்புகளின் பிரதியொன்றை வேறொரு வன்தட்டிலும் வைத்திருப்பார்களாயின், கணினி எவ்விதம் உறங்கினும் வீட்டார் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம் என்பது எமது துணிபு.