சார்ஜ் ஏறாத போனைக் கைவிடுமுன்

கையடக்கத் தொலைபேசி இன்று வியாபாரியின் தராசுக்குச் சமனான பொருளாகிவிட்டது. கடன் கணக்கு அதற்குள், வாடிக்கையாளரின் ஓடர் அதற்குள், வங்கிப் பணமும் அதற்குள். மத்திய கிழக்கில் உழைக்கும் மகனின் முகத்தைத் தாய் பார்ப்பதும் அதனூடாகத்தான். அப்படிப்பட்ட போன் ஒரு நாள் காலையில் சார்ஜ் ஏற மறுத்தால் வீடே தடுமாறிப் போகின்றது.

உடனே பலருக்கும் வரும் எண்ணம், "இது பழசாகிவிட்டது, புதியது ஒன்று வாங்குவோம்" என்பதாகும். டொலர் மலிவாக இருந்த காலத்தில் அந்த எண்ணம் அவ்வளவு சுடவில்லை. 2022 மார்ச் ஆரம்பத்தில் ஒரு டொலர் 200 ரூபாவைச் சுற்றி இருந்தது. இரண்டு மாதங்களுக்குள் அது 350 ரூபாவைத் தாண்டியது. பின்னர் ரூபா ஓரளவு மீண்டாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. இறக்குமதியாகும் ஒவ்வொரு போனின் விலையிலும் அந்த வித்தியாசம் ஏறி உட்கார்ந்திருக்கின்றது. எனவே, போன் கெட்டுவிட்டதா, அல்லது போனுக்குள் இருக்கும் ஒரு சின்னஞ்சிறு பாகம் மாத்திரம் கெட்டுவிட்டதா என்று பார்ப்பது இன்று ஒரு பொருளாதார விடயமாகும்.

முதலில் செலவில்லாத சோதனை

சார்ஜ் ஏறாத போன்கள் எல்லாம் பழுதான போன்கள் அல்ல. வயரை மாற்றிப் பாருங்கள். சார்ஜரை மாற்றிப் பாருங்கள். வயரைச் செருகினால் முழுமையாக உள்ளே போகாமல் தளர்ந்து நிற்கின்றதா என்று கவனியுங்கள். அப்படி நின்றால், துளைக்குள் சட்டைப் பையின் பஞ்சும் தூசியும் இறுகிக் கிடக்கின்றன என்பதே பெரும்பாலும் பொருள். போனை முற்றாக நிறுத்திவிட்டு, பல் குத்தும் மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுத்தால் போதும். ஊசியோ குண்டூசியோ கூடாது. ஈரம் பட்டிருந்தால் நன்றாகக் காயும் வரை சார்ஜ் போடவும் கூடாது.

இந்தத் துளை ஏன் கெடுகின்றது என்று விளங்கிக்கொள்வதும் நல்லது. யூஎஸ்பி சி துளையானது 10,000 தடவை செருகிக் கழற்றுவதைத் தாங்கும் வகையில் அமைய வேண்டும் என்பது அதற்கான தர விதியாகும். நாளாந்தம் இரண்டு தடவை சார்ஜ் போட்டாலும் அந்தக் கணக்குத் தீர 13 ஆண்டுகளுக்கு மேல் செல்லும். ஆனால் பல போன்களில் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே துளை தளர்ந்துவிடுகின்றது. காரணம் செருகுவது அல்ல. செருகிய நிலையில் பாவிப்பதுதான். வயர் தொங்கத் தொங்கப் படுத்துக்கொண்டு படம் பார்ப்பது, வாகனத்தில் வயரை இழுத்துப் பிடித்துப் பேசுவது, பக்கவாட்டில் முறுக்குவது என்பன உள்ளிருக்கும் மெல்லிய நாக்கை அசைத்துவிடுகின்றன. கரையோர ஊர்களின் உப்புக் காற்றும் ஈரமும் மிச்ச வேலையைச் செய்து முடிக்கின்றன.

உள்ளே இருப்பது என்ன?

அன்ட்ரொய்ட் போன்கள் பலவற்றில் சார்ஜ் போடும் துளை பிரதான போர்டில் இருப்பதில்லை. போனின் அடிப்பகுதியில் விரலளவு நீளமான ஒரு சிறு போர்டு தனியாக இருக்கும். கடைக்காரர்கள் அதனை சார்ஜிங் போர்டு என்பார்கள். பெரும்பாலும் மைக்கும் அதே போர்டில்தான் இருக்கும். சில திருகாணிகளாலும், அழுத்திப் பொருத்தும் ஒரு பட்டை வயராலும் அது இணைக்கப்பட்டிருக்கும். ஈயம் வைத்து ஒட்டத் தேவையில்லை என்பதால் பொறுமையுள்ள ஒருவர் வீட்டிலேயே மாற்றக்கூடிய பாகம் இதுவாகும்.

எல்லாப் போன்களும் அப்படியல்ல. சிலவற்றில் துளை நேரடியாகப் பிரதான போர்டில் ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கும். ஐபோன்களில் அது நீண்ட பட்டை வயருடன் சேர்ந்து வருவதால் அதனைக் கழற்ற உள்ளே பல பாகங்களை அகற்ற வேண்டும். இவற்றைத் தேர்ந்த திருத்துநரிடம் கொடுப்பதே இலாபம். உத்தரவாதக் காலம் முடியாத போனையும் வீட்டில் திறக்க வேண்டாம். முதலில் விற்ற முகவரிடம் கொண்டு செல்லுங்கள்.

பாகத்தை வாங்கும் முறை

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவிலோ போய், போனின் பெயரை மட்டும் சொல்லிப் பாகம் கேட்பவர்கள் இரண்டாம் தடவையும் பஸ் ஏற வேண்டிவரும். ஒரே பெயரில் வெளிவரும் போனுக்குள் பல வகைகள் உண்டு. செட்டிங்ஸ் பகுதியில் எழுத்தும் இலக்கமும் கலந்த மொடல் இலக்கம் இருக்கும். அதனைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். முடிந்தால் பழைய போர்டைக் கழற்றி அதில் அச்சிடப்பட்டுள்ள இலக்கத்துடன் ஒப்பிட்டு வாங்குங்கள். பொருந்தாத போர்டைப் பூட்டினால் சார்ஜ் ஏறும். ஆனால் வேகமாக ஏறாது, அல்லது மைக் வேலை செய்யாது.

சந்தையில் மூன்று வகைப் பாகங்கள் உண்டு. நிறுவனத்தின் அசல் பாகம், வேறு போனிலிருந்து கழற்றிய அசல் பாகம், பிற தொழிற்சாலைகளின் தயாரிப்பு என்பனவே அவை. மூன்றுக்கும் விலை வேறு. எது தருகின்றார் என்று கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பாரா என்பதையும் பணம் கொடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாற்றும் ஒழுங்கு

முதல் வேலை, போனில் உள்ள படங்களையும் இலக்கங்களையும் வேறிடத்தில் பிரதி செய்து வைப்பதாகும். பற்றரியின் சார்ஜ் 25 வீதத்துக்குக் கீழே இருக்கட்டும். நிறைய சார்ஜ் உள்ள பற்றரி தற்செயலாகக் காயப்பட்டால் ஆபத்து அதிகம். போனை நிறுத்தி, சிம் தட்டைக் கழற்றி வையுங்கள். அதனை மறந்து திறப்பவர்கள் தட்டையும் உள்ளிருக்கும் பாகத்தையும் உடைத்துக்கொள்வதுண்டு.

பின்மூடி பசையால் ஒட்டப்பட்டிருந்தால், ஹெயார் ட்ரையரால் ஓரங்களைக் கை தாங்கும் அளவுக்குச் சூடாக்கி, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை ஓரத்தில் நுழைத்துச் சுற்றிவர நகர்த்துங்கள். கத்தி கூடாது. அட்டையை ஆழமாகச் செருகவும் கூடாது. மூடி விட்டுக்கொடுத்தவுடன் இழுத்துப் பிரிக்காதீர்கள். சில போன்களில் விரல் அடையாளப் பகுதியின் வயர் மூடியோடு இணைந்திருக்கும்.

திருகாணிகளைக் கழற்றும்போது ஒரு வெள்ளைத் தாளில் போனின் படத்தை வரைந்து, கழற்றிய இடத்திலேயே ஒவ்வொன்றையும் வையுங்கள். அவற்றின் நீளம் ஒன்றாக இருப்பதில்லை. குட்டைத் திருகாணியின் இடத்தில் நீளமானதை முறுக்கினால் அது கீழே உள்ள போர்டைத் துளைத்துவிடும். திருப்புளியும் போனுக்கு உரிய அளவாக இருக்க வேண்டும். தலை மழுங்கிய திருகாணியைக் கழற்றுவது பெரும்பாடு.

உள்ளே கை வைக்குமுன் பற்றரியின் இணைப்பைப் பிளாஸ்டிக் குச்சியால் கழற்றிவிடுங்கள். இந்த ஒன்றைத் தவறவிட்டால் பிரதான போர்டு கருகக்கூடும். அதன்பின் அடிப்பகுதியில் உள்ள ஸ்பீக்கர் பெட்டியை அகற்றினால் சிறு போர்டு தெரியும். பட்டை வயரையும், மெல்லிய சிக்னல் வயர் இருந்தால் அதனையும் நேராக மேல்நோக்கித் தூக்கிக் கழற்றி, பழைய போர்டை எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள். பழையதில் சிறு இறப்பர் உறைகள் இருந்தால் அவற்றைப் புதியதற்கு மாற்றுங்கள். மைக்குக்குத் தூசி போகாமல் காப்பவை அவைதான்.

மூடியை ஒட்டுமுன் பற்றரியை இணைத்துச் சோதனை செய்யுங்கள். சார்ஜ் ஏறுகின்றதா? கணினியுடன் இணைகின்றதா? அழைப்பெடுத்தால் எதிர்ப்பக்கம் குரல் கேட்கின்றதா? ஸ்பீக்கர் ஒலிக்கின்றதா? சிக்னல் முன்பு போலவே இருக்கின்றதா? எல்லாம் சரி என்றால் மட்டும், போனை மறுபடியும் நிறுத்தி, அளவான பசையோ இரு பக்கமும் ஒட்டும் டேப்போ வைத்து மூடி, புத்தகப் பாரத்தின் கீழ் ஒரு நாள் விட்டுவிடுங்கள். நீர் புகாது என்று விற்கப்பட்ட போனாக இருந்தாலும், திறந்து மூடிய பின் அந்தப் பாதுகாப்பை நம்ப வேண்டாம்.

பற்றரி விடயத்தில் எச்சரிக்கை தேவை. பின்மூடி தானாக மேலெழும்பியிருந்தால் பற்றரி உப்பியிருக்கலாம். அந்தப் போனைச் சார்ஜ் போடவோ, அழுத்தவோ, வீட்டில் திறக்கவோ வேண்டாம். சம்சுங் நிறுவனம் 2016 ஆம் ஆண்டு கலக்ஸி நோட் 7 போனை வெளியிட்டு, அதே ஆண்டு ஒக்டோபரில் அதன் உற்பத்தியையே நிறுத்தியது. பற்றரிகளில் இருந்த குறைபாடே தீப்பிடிக்கக் காரணம் என 2017 ஜனவரியில் அந்நிறுவனம் அறிவித்தது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே விளையாட்டுக் காட்டிய பொருள் அது.

சிறு பாகம், பெரிய வியாபாரம்

சிறு பாகத்தை மாற்றுவது வியாபார உலகில் எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு அப்பிள் நிறுவனம் நல்ல உதாரணமாகும். பழைய பற்றரி உள்ள ஐபோன்களின் வேகத்தைத் தாம் குறைத்ததாக 2017 டிசம்பரில் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. எழுந்த எதிர்ப்பைத் தணிக்க, பற்றரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராக 2018 ஆம் ஆண்டு முழுவதும் குறைத்தது. அதன் பின்னர் 2019 ஜனவரி 2 ஆம் திகதி, அந்தக் காலாண்டு வருமானம் எதிர்பார்த்த 89 முதல் 93 பில்லியன் டொலர் வரை அல்ல, சுமார் 84 பில்லியன்தான் என்று அதன் தலைவர் டிம் குக் முதலீட்டாளர்களுக்குக் கடிதம் எழுதினார். சீனாவின் மந்தநிலையே பிரதான காரணமாகக் கூறப்பட்டது. ஆனால் பற்றரியை மலிவாக மாற்றிக்கொண்டு பழைய போனையே பாவிப்பவர்களும் ஒரு காரணமாக அக்கடிதத்தில் இடம்பெற்றார்கள். 29 டொலர் பாகம் புதிய போனின் விற்பனையைத் தள்ளிப்போடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

அதே நிறுவனம் 2022 ஏப்ரலில் வீட்டில் திருத்துவோருக்குப் பாகங்களை விற்கும் திட்டத்தை அமெரிக்காவில் ஆரம்பித்தது. ஒரு வாரத்துக்கு 49 டொலர் வாடகையில் அனுப்பப்பட்ட கருவிகளின் நிறை ஏறத்தாழ 36 கிலோ! கதவைத் திறந்துவிட்டார்கள், வாசற்படியை உயர்த்திவிட்டார்கள் என்று சிலர் விமர்சித்தார்கள். சட்டங்களும் மாறிவருகின்றன. புதிய பாகத்தை நிறுவனத்தின் மென்பொருள் ஏற்க மறுக்கும் தந்திரத்துக்கு எதிராக அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 2024 இல் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி, ஒரு மொடலின் விற்பனை நிறுத்தப்பட்ட பின்னரும் 7 ஆண்டுகளுக்கு அதன் முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்க வேண்டும்.

திருத்தும் கடை வைத்திருக்கும் எமது இளைஞர்கள் இதிலிருந்து படிக்க வேண்டியது உண்டு. பில்லில் எந்த வகைப் பாகம் என்று எழுதுங்கள். உத்தரவாத நாட்களையும் எழுதுங்கள். கழற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளரின் கையில் கொடுங்கள். இந்த மூன்றும் விளம்பரத்தைவிடப் பெரிய முதலாகும். வாடிக்கையாளரும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கடைக்காரர் வாங்குவது பாகத்தின் விலையை மாத்திரம் அல்ல. போனைப் பழுதாக்காமல் திறந்து மூடும் கைப்பழக்கத்துக்கும் அவர் கூலி வாங்குகின்றார். அந்தப் பொறுமை தனக்கு இல்லாதவர் கூலியைக் கொடுப்பதே சிக்கனம்.

கடைக்குக் கொடுப்பதாயின் இரகசிய இலக்கத்தைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். வீட்டுப் பெண்கள், பிள்ளைகளின் படங்கள் அதற்குள் இருக்கின்றன. சம்சுங் போன்களில் 2022 முதலும், கூகுள் பிக்சல் போன்களில் 2023 டிசம்பர் முதலும் திருத்தும் வேளையில் சொந்தத் தகவல்களை மறைத்து வைக்கும் வசதி உண்டு. உங்கள் போனில் அது இருக்கின்றதா என்று செட்டிங்ஸில் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால், வேலை முடியும் வரை கடையிலேயே இருந்து, சோதனை பார்க்கும் நேரத்தில் நீங்களே போனைத் திறந்து கொடுங்கள்.

ஆகவே, போன் சார்ஜ் ஏறவில்லை என்றால் முதலில் வேறு வயர், பிறகு மரக்குச்சி, அதன்பின் சிறு போர்டு, அதற்கும் பின்னர்தான் புதிய போன். இந்த ஒழுங்கை வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.